முதலில் கண்ணுக்குத்தான் வந்தது

கவனக்குறைவுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாத்திரை கண்ணைக் கெடுத்துவிடுமா? என் வயதுக்காரர்கள் பினாங்கில் ஒவ்வொருவராகப் பெற்றோர் ஆகிக்கொண்டிருக்கும் இந்தச் சில வருடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்துப் பயந்துபோனவர்கள் ஒரு வகை. மருந்தே கம்பெனிக்காரன் வேலை, இதில் கண் வேறயா என்று சலித்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஓர் எண்ணம் இருக்கிறது. மருந்து மூளைக்கு, கண் எங்கோ ஓரத்தில் தெரியாமல் மாட்டிக்கொண்டது என்பது அந்த எண்ணம்.

பழைய கதையைத் தேடிப் படித்தபோது வரிசை நேர் எதிராக இருந்தது. இந்த மருந்துக் குடும்பம் மருத்துவமனைக்குள் நுழைந்தது கண் வழியாகத்தான். கவனம் அதற்கு ஐம்பது வருடம் கழித்துத்தான் வந்தது.

*

ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவர்களுக்குச் சீன மருந்துக்கடையின் மர இழுப்பறைகளும் காய்ந்த வேர்களின் வாசமும் தெரியும். சீன மருத்துவத்தில் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் மிகப் பழைய காலம் தொட்டுப் பயன்பட்டு வந்த செடி மா ஹுவாங். இலை இருப்பதே தெரியாத, குச்சி குச்சியான செடி. ஜப்பானிய அரசு படிக்க அனுப்பிய நாகாய் நாகாயோஷி என்ற இளைஞர், பெர்லினில் ஹாஃப்மன் என்ற பெரிய வேதியியலாளரிடம் பயின்றார். ஊர் திரும்பிய பிறகு, 1885ல், மா ஹுவாங் செடியிலிருந்து எஃபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1887ல், மியூரா என்ற ஜப்பானிய மருத்துவர் எஃபெட்ரினைப் பற்றி பெர்லினின் ஒரு மருத்துவ வார இதழில் எழுதினார். எதற்கான மருந்து என்று எழுதினார் தெரியுமா? மூச்சிரைப்புக்கு இல்லை, தூக்கம் வராமலிருக்கவும் இல்லை. கண்மணியை விரிக்கும் புதிய மருந்து என்றுதான். கண்ணுக்குள் பார்க்க வேண்டிய மருத்துவருக்குக் கண்மணி விரிந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்ற சொட்டு மருந்தாகத்தான் எஃபெட்ரின் நவீன மருத்துவத்துக்குள் காலடி வைத்தது.

அதே 1887ல், அதே பெர்லினில், அதே ஹாஃப்மனிடம் படித்த ருமேனியரான லசார் எடெலியானு, எஃபெட்ரினுக்கு நெருங்கிய உறவான இன்னொரு பொருளைச் செய்தார். இன்று நாம் ஆம்ஃபெட்டமின் என்று சொல்வது அதைத்தான். அது உடம்பில் என்ன செய்யும் என்று அவர் பார்க்கவில்லை. செய்முறையை எழுதி வைத்துவிட்டுப் பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார், அதில்தான் பெயரும் எடுத்தார்.

*

கண்மணி எப்படி விரிகிறது என்று சொல்லிவிட்டால் மீதிக் கதை சுலபம். தொழில் புத்தி, எனக்கு எதையும் வால்வாகப் பார்த்தால்தான் புரியும். கண்மணி வெறும் ஓட்டை. அதைச் சுற்றியுள்ள நிறமுள்ள திரையில் இரண்டு தசைகள். ஒன்று வளையமாக இருக்கிறது, இறுகினால் ஓட்டை சுருங்கும். இன்னொன்று சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வெளிநோக்கிப் போகிறது, அது இழுத்தால் ஓட்டை விரியும். வளையத்துக்கு ஒரு நரம்பு மண்டலம், ஆரக்காலுக்கு வேறொன்று.

மூன்று செடிகள் போதும் இதைப் புரிந்துகொள்ள. முதலாவது எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. மலாயில் பினாங் என்றால் பாக்கு. பாக்கில் உள்ள அரக்கோலின் வளையத் தசையைத் தூண்டும் வகைப் பொருள், கண்மணியைச் சுருக்கும். இரண்டாவது ஊமத்தை. அதிலும் அதன் உறவுச் செடிகளிலும் உள்ள அட்ரோபின் வளையத்தைத் தளர்த்திவிடும், அதனால் கண்மணி விரியும். மூன்றாவது மா ஹுவாங். அது வளையத்தைத் தொடுவதில்லை, ஆரக்காலை இழுக்கிறது. பயந்தால், ஆத்திரப்பட்டால், வேட்டை நாயைப் பார்த்தால் உடம்பு எந்த நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுமோ அதே மண்டலம். ஆம்ஃபெட்டமினும் அதன் பின்னால் வந்த மருந்துகளும் இந்த மூன்றாவது வழியில் வந்தவை.

தமிழில் கண்மணிக்குப் பாவை என்றும் பெயர். எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் நம் உருவம் சின்னப் பொம்மையாகத் தெரிகிறது அல்லவா, அதனால். லத்தீனிலும் இதற்குச் சின்னப் பொம்மை என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் பள்ளி மாணவனுக்கும் கண்மணிக்கும் ஒரே சொல் வந்து சேர்ந்தது அந்த ஒரே வேரிலிருந்து. நாம் பிள்ளையைக் கண்மணி என்று கூப்பிடுவதும் தூரத்தில் இல்லை.

*

எஃபெட்ரின் சில பத்தாண்டுகள் ஓரமாகக் கிடந்தது. 1924ல் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் இருந்த சென், ஷ்மிட் என்ற இருவர் அதை மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள். உடனே மூச்சிரைப்பு மருந்தாக உலகம் முழுக்கப் பிரபலமானது. மூலச்செடியோ சீனாவிலிருந்து வர வேண்டும். ஆய்வுக்கூடத்திலேயே செய்துகொள்ளக்கூடிய மாற்று ஒன்று வேண்டுமே என்று லாஸ் ஏஞ்சலஸில் தேடிக்கொண்டிருந்த கோர்டன் ஆலஸ், எடெலியானு கைவிட்ட பொருளுக்கு வந்து சேர்ந்தார். 1929ல் தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். 1930களின் தொடக்கத்தில் ஸ்மித், கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் கம்பெனி ஆம்ஃபெட்டமினை பென்செட்ரின் என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழாயாக விற்றது.

பிள்ளைகள் இந்தக் கதைக்குள் வருவது 1937ல். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு மருத்துவமனை 1931ல் திறக்கப்பட்டிருந்தது. அங்கே சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர், பிள்ளைகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்துக் காற்றை நிரப்பி மூளையை எக்ஸ்ரே எடுப்பார். எடுத்த பிறகு பிள்ளைகளுக்குக் கடுமையான தலைவலி. பென்செட்ரின் கொடுத்தால் அந்த நீர் சீக்கிரம் ஊறும் என்று நினைத்துக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பில் ஏதோ நடந்தது. 5 முதல் 14 வயது வரையிலான 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்ததில், 14 பேரின் படிப்பு வியக்கத்தக்க அளவு மாறியது என்று அவர் எழுதினார். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1944ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. டென்னிஸ் ஆடப் போகுமுன் அவர் அதைச் சாப்பிடுவாராம், ரிட்டாலின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1963ல் கீத் கானர்ஸும் லியோன் ஐசன்பர்கும் அதைப் பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்து வெளியிட்டார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டில் 1968ல் ஒரு பெயர், 1980ல் இன்னொரு பெயர், 1987ல் இன்று நாம் சொல்லும் ஏடிஎச்டி. பெயர்கள் மாறின, மருந்து அதேதான்.

இந்த வருடங்களில் கண் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, வேறு அறைக்குப் போய்விட்டது. பென்செட்ரினை விற்ற அதே கம்பெனி, ஆம்ஃபெட்டமினின் உடன்பிறப்பு ஒன்றை பாரெட்ரின் என்ற பெயரில் கண்மணி விரிக்கும் சொட்டாக விற்றது. கண் மருத்துவர்கள் அதைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். கண்மணி விரிவது கண் மருத்துவரின் அறையில் பலன். பக்கத்து அறையில், பிள்ளை மனநல மருத்துவரிடம், அதே விரிவு தாளின் கடைசி வரியில் எழுதப்படும் பக்கவிளைவு. ஒரே தசை, ஒரே இழுப்பு. எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

*

சரி, அந்தத் தாள் என்னதான் சொல்கிறது? கண்மணி விரியலாம், பார்வை மங்கலாம், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதில் சிரமம் வரலாம். இவை பெரும்பாலும் லேசானவை, மருந்தின் அளவை மாற்றினால் மாறக்கூடியவை. கடுமையானது ஒன்று உண்டு, கண் அழுத்த நோய். கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால், திரையின் வேர் கண்ணின் முன்சுவரோடு சேரும் மூலையில் இருக்கிறது. மூலை இயல்பிலேயே குறுகலாக இருக்கும் கண்ணில், கண்மணி விரியும்போது திரை சுருண்டு மூலையில் ஒதுங்கி வடிகாலை அடைத்துவிடலாம். அழுத்தம் திடீரென்று ஏறும், கண் வலிக்கும், வாந்தி வரும், சில மணி நேரத்தில் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளில் இது மிக அபூர்வம். கண்ணின் லென்ஸ் வயதாக ஆகத் தடிக்கிறது. பிள்ளைகளுக்கு அது மெல்லியது, மூலையில் இடம் இருக்கிறது.

பல வருடங்களாக மெத்தில்ஃபெனிடேட் தாளில், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரே வரி இருந்தது. 2023ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் புதிய தாளில் அந்த ஒரு வரி விரிவான எச்சரிக்கையாக மாறியது. அதில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. ஆபத்து உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கு உதாரணமாகக் கடுமையான தூரப்பார்வை உள்ளவர்களைக் குறிப்பிடுகிறது.

காரணம் எளிது. தூரப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் நீளம் குறைந்த, சின்னக் கண். சின்ன வீட்டில் சாமான் நெருக்கமாக இருப்பது மாதிரி, முன்னறை ஆழம் குறைவு, வடிகால் மூலை குறுகல்.

இப்போது தூரப்பார்வை உள்ள பிள்ளையை வகுப்பில் வைத்துப் பாருங்கள். தூரத்தில் உள்ளதைப் பார்க்கவே அவன் கண்ணின் உள்தசை வேலை செய்ய வேண்டும். புத்தகத்தைப் பார்க்க இன்னும் அதிக வேலை. பத்து நிமிடம் தாங்கும். அப்புறம் எழுத்து மங்கும், தலை வலிக்கும், அவன் ஜன்னல் பக்கம் திரும்புவான், பென்சிலை உருட்டுவான், பக்கத்துப் பையனைச் சீண்டுவான். ஆசிரியர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? உட்கார மாட்டேன்கிறான், கவனம் இல்லை.

அதாவது, மருந்துத் தாள் யாருக்காக எச்சரிக்கிறதோ, அதே பிள்ளைதான் கவனக்குறைவு என்று தவறாக எண்ணப்படவும் வாய்ப்புள்ளவன். இரண்டையும் தெளிவாக்குவது ஒரே பரிசோதனை.

*

இந்தக் குழப்பம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில், படித்தால் கண் களைத்துப்போகும் ஆட்களுக்குக் குணப்படுத்த முடியாத நோய் இருக்கிறது என்றே கருதினார்கள். படிப்பை விடு, கண்ணுக்கு வேலையில்லாத தொழிலுக்குப் போ என்பதுதான் ஆலோசனை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டான்டர்ஸ் என்ற மருத்துவர் அதில் பெரும்பகுதி வெறும் தூரப்பார்வை என்று காட்டினார். 1864ல் வந்த அவருடைய பெரிய நூல் அதை நிலைநாட்டியது. குவிந்த கண்ணாடி போட்டால் படிக்கலாம், அவ்வளவுதான். சோம்பேறி என்றும் நோயாளி என்றும் ஒதுக்கப்பட்ட எத்தனை பேருக்கு அதற்கு முன் பள்ளிக்கூடம் மூடியிருக்கும்!

ஆனால் உட்ரெக்ட்டிலிருந்தே வந்த இன்னொரு பொருள்தான் உலகம் முழுக்கப் பரவியது. டான்டர்ஸோடு வேலை செய்த ஸ்னெல்லன் 1862ல் வெளியிட்ட எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். மலேசியாவில் ஒன்றாம் ஆண்டில் பள்ளிச் சுகாதாரக் குழு வந்து சோதிப்பதும் இந்த வகைதான். கிட்டப்பார்வை உள்ள பிள்ளையை இது உடனே பிடித்துவிடும். தூரப்பார்வை உள்ள பிள்ளை கண் தசையை ஒரு இறுக்கு இறுக்கிக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போய்விடுவான். பரிசோதனைக்குத் தேவை சில நொடிகள்தான். அவன் களைப்பது பத்தாவது நிமிடத்தில்.

பெயரிலும் எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழ், எது தெரிகிறதோ அதை வைத்துப் பெயர் வைக்கிறது. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும். மலாய், எது மங்குகிறதோ அதை வைத்துப் பெயர் வைக்கிறது. கிட்டப்பார்வைக்கு ராபுன் ஜாவ், அதாவது தூரம் மங்கல். ஆகவே ராபுன் டெக்காட் என்று எழுதியிருந்தால் அது நம் தூரப்பார்வை. இரண்டு மொழியிலும் வாழும் வீடுகளில் இது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா மகனுக்கு இரண்டாம் ஆண்டில் இப்படி ஒரு புகார் வந்தது. பள்ளியில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள், பையனைக் காட்டிப் பாருங்க என்று. பிள்ளைகள் மருத்துவர், மருந்துப் பேச்சுக்கு முன்னால் கண்ணைப் பார்த்துவிட்டு வாங்க என்று கடிதம் கொடுத்தார். "ஒன்றாம் ஆண்டுலயே பார்த்தாங்க, கண்ணு நல்லாருக்குன்னு சொன்னாங்களே" என்றார் அக்கா. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உள்தசையைத் தளர்த்திப் பார்த்தபோதுதான் மறைந்திருந்தது வெளியே வந்தது. இரண்டு கண்ணிலும் பிளஸ் நான்கு. அந்தச் சொட்டு மருந்து ஊமத்தை வழியைச் சேர்ந்தது, கண்மணியையும் விரிக்கும். வெளியே வெயிலில் வந்ததும், "மாமா, எல்லாம் வெள்ளையா இருக்கு" என்று கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். புத்தகத்தோடு அவன் சண்டை குறைந்தது, தலைவலி நின்றது. ஆனால் சாப்பாட்டு மேசையில், வரிசையில், விளையாட்டில், கண்ணுக்கு வேலையே இல்லாத இடங்களிலும் அவனால் நிற்க முடியவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு மருத்துவர் மருந்தைத் தொடங்கினார். இரண்டும் இருந்தது அவனுக்கு. கண் ஏற்கெனவே தெரிந்திருந்ததால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

*

ஆய்வுகளும் ஏறக்குறைய இந்தச் சிக்கலான இடத்தில்தான் நிற்கின்றன. 2005ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கிரானெட் என்ற கண் மருத்துவரும் குழுவினரும், கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்களையும் உள்நோக்கிச் சேர்க்க முடியாத குறை உள்ளவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களில் ஏடிஎச்டி என்று சொல்லப்பட்டவர்களின் விகிதம், பொதுவாக எதிர்பார்ப்பதைவிட மூன்று மடங்கு. எது எதனால் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. 2007ல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் ஏடிஎச்டி உள்ள 42 பிள்ளைகளைச் சோதித்ததில், பெரும்பாலானவர்களிடம் கண் சம்பந்தமாக ஏதாவது ஒன்று இருந்தது. ஊக்க மருந்து அதைப் பெரிதாக மாற்றவில்லை. 2016ல் அமெரிக்காவில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 500 பேரிடம் நடந்த ஆய்வில், கண்ணாடி போடாத தூரப்பார்வைப் பிள்ளைகள் எழுத்தறிவுத் தொடக்கத் திறன்களில் பின்தங்கியிருந்தார்கள்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கண் பயிற்சியால் கவனக்குறைவு குணமாகும் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். கண்களைச் சேர்ப்பதில் குறை உள்ள 311 பிள்ளைகளிடம் நடந்து 2019ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பயிற்சி பெற்ற பிள்ளைகளும் போலிப் பயிற்சி பெற்ற பிள்ளைகளும் வாசிப்பில் ஒரே அளவுதான் முன்னேறினார்கள். கண்ணைச் சரிசெய்வது கண்ணைத்தான் சரிசெய்யும். ஏடிஎச்டி என்பது கண்ணாடி போட்டால் மறையும் மாயை இல்லை, அதற்கு மருந்து உதவுகிறது என்பதும் பிராட்லி காலத்திலிருந்து திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது.

ஆகவே தொடக்கத்தில் உள்ள கேள்விக்கு என் பதில்: மருந்து கண்ணைத் தொடும். தொடாமல் இருக்க முடியாது, அந்தக் குடும்பத்தின் முதல் வேலையே அதுதான். பெரும்பாலான பிள்ளைகளின் கண்ணை அது கெடுத்துவிடாது. யாருடைய கண்ணுக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். நாம் பயப்படும் இடமும் தவறவிடும் இடமும் வேறு வேறாக இருக்கின்றன. மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறோம். மாத்திரைக்கு முன்னால், சொட்டு மருந்து விட்டு ஒரு முறை முழுதாகப் பார்க்க வேண்டிய கண்ணைத் தவறவிடுகிறோம். அந்தச் செலவு ஒரு முற்பகலும், வெயிலுக்குப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடியும்.

பிள்ளைக்கு மருந்து தொடங்கப்போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். கிட்டத்துப் பார்வையையும் சேர்த்துப் பார்த்தீர்களா? சொட்டு மருந்து விட்டுப் பார்த்தீர்களா? குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று எங்களிடம் கேட்டீர்களா? ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பிள்ளை எழுத்து மங்குகிறது என்றால் அதைச் சாக்கு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். கண் சிவந்து கடுமையாக வலித்து வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த சந்திப்புத் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.